வேண்டிய வெப்பநிலை

உங்கள் மேசைக்குப் பின்னால் இருக்கும் தொட்டியில் இரண்டு தங்கமீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன, சேர். பசி என்று நினைத்து யாரும் இரை போட்டுவிட வேண்டாம். தண்ணீர் சூடாகிவிட்டது. சூடான தண்ணீரில் மூச்சுக்குக் காற்றுக் குறைவு, அதனால்தான் மேல்மட்டத்தில் வந்து நிற்கின்றன. பின்னேர வெயில் அந்த ஜன்னலால் நேராகத் தொட்டியில் விழுகிறது. தொட்டியை மூன்றடி இந்தப் பக்கம் நகர்த்தினாலே பாதிப் பிரச்சினை தீரும். மீதிக்குத் தண்ணீரைக் குளிரவைக்கிற ஒரு சின்னச் சில்லர் மெஷின் போதும்.

வாசல் பெஞ்சில் இருக்கும் சாக்கு என்னுடையது. உடுப்புத்தான், வேறொன்றும் இல்லை. பார்க்க வேண்டுமென்றால் பார்க்கலாம்.

வாக்குமூலத்தை நீங்கள் எழுதத் தொடங்கலாம். பெயர் மீராசாஹிபு இன்ஸாப். வயது நாற்பத்தேழு. பிறந்தது மருதமுனை, இருப்பது, அதாவது இன்று காலைவரை இருந்தது, சாய்ந்தமருது. தொழில் ஏசி, பிரிட்ஜ் திருத்துவது, கூடவே மீன்தொட்டிச் சாமான் விற்பது. ஏப்ரல் இருபத்திரண்டாம் திகதி திங்கட்கிழமை என் மனைவி றினோஸாவின் வாப்பா கச்சிமுகம்மது எங்கள் வீட்டுப் பின்னறையில் மௌத்தானார். வயது எழுபத்தாறு. மாரடைப்பு என்று எழுதி அன்றைக்கே அடக்கினோம். மாரடைப்பில்லை. சில்லர்தான் காரணம். அதை வாங்கியதும் பூட்டியதும் நான். அளவு பிழைத்துவிட்டது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், தொழிலில் என் பெயர் கெட்டுப்போகும்.

கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் எத்தனை லீட்டருக்கு எத்தனை எச்பி சில்லர் என்றுதான் கேட்பார்கள். லீட்டர் மட்டும் தெரிந்தால் காணாது. இதற்கென்று நான் ஒரு தாள் அச்சடித்து வைத்திருக்கிறேன். அதில் ஐந்து கட்டம். தொட்டியின் நீளம், அகலம், உயரம் ஒரு கட்டத்தில். இப்போதைய வெப்பநிலை ஒன்றில். வேண்டிய வெப்பநிலை ஒன்றில். பம்பு, லைட் என்று உள்ளே சூடு கொடுக்கும் பொருட்கள் நாலாவது. ஐந்தாவது கட்டம், சில்லரை வைக்கப்போகும் இடம். அதை யாரும் நிரப்புவதில்லை. இதெல்லாம் எதற்கு என்று சிரிப்பார்கள். உண்மையில் அதைத்தான் முதலில் நிரப்ப வேண்டும்.

சில்லர் குளிரை உண்டாக்குகிறது என்று சனங்கள் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தண்ணீரில் இருக்கும் சூட்டை அள்ளி வெளியே கொட்டுகிறது, அவ்வளவுதான். கொட்டும்போது தன் மோட்டரின் சூட்டையும் சேர்த்தே கொட்டும். தொட்டி எவ்வளவு குளிர்கிறதோ, அதைவிடக் கூடுதலாக இன்னோர் இடம் சூடாகியே தீரும்.

மாமா நல்லாயிருந்த காலத்தில் ஒருமுறை அவருக்கு இதை விளக்கினேன். முப்பது வருடம் வட்டவிதானையாக இருந்தவர் அவர். வாய்க்கால் கதவை எப்போது திறப்பது, யாருடைய வயலுக்கு முதல் தண்ணீர் என்று தீர்மானிக்கிற வேலை. அவர் வரம்பில் நின்று கூப்பிட்டால் அடுத்த வயற்கண்டத்தில் மாடுகூடத் திரும்பிப் பார்க்கும். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, ஒரே கேள்விதான் கேட்டார்.

"அது சரி மருமகன், அள்ளுற சூட்ட யார்ர வயலுக்குத் திறந்து உடுற?"

இந்தக் கேள்வியை இஞ்சினியர்மார்கூட என்னிடம் கேட்டதில்லை. எனக்கு அவரைப் பிடிக்கும், சேர். அதையும் எழுதுங்கள்.

நீங்கள் வெளியூர் என்று பேச்சில் தெரிகிறது, அதனால் எங்கள் வழக்கத்தைச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை பெட்டியோடு பெண் வீட்டுக்கு வருவான். பெண்ணின் உம்மாவும் வாப்பாவும் வீட்டைக் கொடுத்துவிட்டு வளவின் பின்பக்கம் ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டு ஒதுங்குவார்கள். ஆண்பிள்ளைகள் உழைத்துத் தங்கள் சகோதரிகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பார்கள். எனக்கு இரண்டு சகோதரிகள். மருதமுனையில் இரண்டு வீடு. பதினொரு வருடம் சவூதியில் மொட்டை மாடிகளில் ஏறி ஏசி பூட்டி அவற்றைக் கட்டினேன். வாப்பா போ என்றார், ஓம் என்றேன். இன்னும் இரண்டு வருடம் இரு என்றார், அதற்கும் ஓம் என்றேன். இப்போது அந்த வீடுகளுக்குப் போனால் மச்சான்மார் எழும்பிக் கதிரை தருகிறார்கள். விருந்தாளிக்குத்தானே எழும்பிக் கதிரை தருவார்கள்.

றினோஸாவின் வீட்டிலும் எனக்கு மரியாதைக்குக் குறைவில்லை. மாப்பிள்ளைக்கு மீன்தலை, மாப்பிள்ளைக்குப் பெரிய கோப்பை. ஆனால் சுவரில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் கேட்டுத்தான் அடிக்க வேண்டும். கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் மாமா என்னைப் பின்னறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். நெல் மூட்டை அடுக்கிய அறை. கூட்டிப் பெருக்கி வைத்திருந்தார்.

"இது ஒங்கட ரூம் மருமகன். பொம்புளையள் ஒருத்தரும் உள்ளுக்கு வரமாட்டாங்க. சாமான் சக்கட்டையெல்லாம் இங்க வெச்சிக்கங்க."

ஒன்பதடி நீளம், எட்டடி அகலம், அஸ்பெஸ்டஸ் கூரை. உலகத்தில் எனக்கென்று இருந்த இடம் அதுதான். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பின்னேரங்களில் அந்தக் கதவைச் சாத்திக்கொண்டு தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பேன். சிவப்பும் வெள்ளையுமாக வரி போட்ட இறால் வளர்த்தேன். சுண்டுவிரல் நகத்தின் நீளம்தான் இருக்கும். இருபத்துமூன்று பாகைக்கு மேலே போனால் சுருண்டுவிடும். எதிர்வீட்டு நஸீர் காக்கா கடலுக்குப் போகிறவர். "கறிக்கும் ஆகாத இறாலுக்கு ஏசி போட்டிரிக்கான், எண்ட பொஞ்சாதிக்கு ஒரு பேன் வாங்க வழியில்ல" என்று சந்திக் கடையில் சொல்லிச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். அப்போது சின்னச் சில்லர்தான் வைத்திருந்தேன். அதன் சூட்டைக் குழாய் போட்டு ஜன்னலால் வெளியே விட்டிருந்தேன். நான் இருக்கும் அறைக்குள் சூட்டை விடுவேனா.

போன நவம்பர் மழையில் மாமா குளியலறையில் விழுந்தார். வலப்பக்கம் முழுவதும் இழுத்துவிட்டது. மாமி முன்னமே மௌத்து, பின்வீட்டில் அவர் தனியாகத்தான் இருந்தார். ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள். அக்கரைப்பற்றில் ஒரு ஏசி வேலையை முடித்துவிட்டு நான் வீட்டுக்கு வந்தபோது, என் சாமான்கள் சாக்குகளில் கட்டப்பட்டு முன் விறாந்தையில் இருந்தன. தொட்டி ஹோலில் இருந்தது. என் அறையில் கட்டில் போட்டு மாமாவைக் கிடத்தியிருந்தார்கள்.

"பின்னூட்டுல இருந்தா நான் எப்பிடிப் பாக்கிற? இது குசினிக்குக் கிட்ட" என்றாள் றினோஸா.

அவள் சொன்னது சரிதான். யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

மாமாவுக்குப் பேச்சுப் போய்விட்டது. முழுவதும் போகவில்லை, ஒரு சொல் மிஞ்சியது. ஓம். தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டால் ஓம். வேண்டாமா என்று கேட்டாலும் ஓம். வலிக்கிறதா, ஓம். வலிக்கவில்லையா, ஓம். "வெளங்குறதெல்லாம் முன்ன மாதிரி வெளங்கும், வாய் மட்டுந்தான் சொல்லுக் கேக்காது" என்று டொக்டர் சொன்னார். இடது கை இருக்கிறதே என்று நீங்கள் கேட்பீர்கள். அதைத் தூக்கினால் நெஞ்சுவரை வந்து நடுங்கும். வா என்கிறதா, போ என்கிறதா என்று யாருக்கும் தெரியாது. அத்தனை பெரிய குரல் வைத்திருந்த மனிதர். முதல் நாள் அதைக் கேட்டபோது நான் விறாந்தைக்குப் போய் அழுதேன்.

டிசம்பரில் புதுச் சில்லர் வாங்கினேன். ஹோலில் வெயில் அடிக்கும், பழையது காணாது, அது உண்மை. என் தொட்டி நாலடி நீளம், இருநூற்றைம்பது லீட்டர். கால் எச்பி தாராளம். நான் வாங்கியது அரை எச்பி. ஓர் அளவு பெரிதாக வாங்குவது தொழிலில் குற்றமில்லை, நானே பலருக்கு அப்படிச் சொல்லியிருக்கிறேன். இரைச்சல் போடும், நோயாளியைப் பார்க்க ஆட்கள் வந்துபோகிற ஹோலில் அதை வைக்க முடியாது என்றேன். சுவரில் என் பழைய குழாய் ஓட்டை இருந்தது. அதற்குள்ளால் இரண்டு குழாயை விட்டு, சில்லரை அந்தப் பக்கம், மாமாவின் கால்மாட்டில் வைத்தேன்.

"வாப்பாக்கு வெக்கையா இரிக்காதா?" என்று றினோஸா கேட்டாள்.

"ஒரு பல்பு எரியிற சூடுதான்" என்றேன். அவள் நம்பினாள். சூட்டைப் பற்றி எங்கள் தெருவில் எல்லோரும் என்னிடம்தான் கேட்பார்கள்.

ஜன்னலை மூடச் சொன்னது நானில்லை. பக்கத்து வளவில் ஆட்டுக்கொட்டில். ஈ வந்து மாமாவின் முகத்தில் மொய்க்கும், அவரால் விரட்ட முடியாது. றினோஸா பார்த்துப் பார்த்து அழுதாள், ஏதாவது செய்யுங்க என்றாள். நான் கண்ணாடி போட்டு, இடுக்கெல்லாம் பசை பூசி அடைத்தேன். நல்ல வேலை, ஓர் ஈ உள்ளே வராது. பிறகு அந்த அறைக்கு ஒரு ஏசி பூட்டலாமே என்று கேட்டாள். பாரிசவாதக்காரருக்கு ஏசிக் குளிர் ஆகாது என்று சொன்னேன். அதற்குப் பதிலாக மேசை பேன் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். அறைக்காற்று உடம்பைவிடச் சூடாக இருந்தால் பேன் ஆளைக் குளிரவைக்காது, இன்னும் வாட்டும். அது எனக்குத் தெரியும். அவள் ஆசையாகக் கொண்டுவந்தாள், நான் ஒன்றும் சொல்லவில்லை.

றினோஸா பிரதேச செயலகத்தில் எழுதுவினைஞர். எட்டு மணிக்குப் போனால் நாலேகாலுக்கு வருவாள். கடை வீட்டின் முன்பக்கத்திலேயே இருப்பதால் பகலில் மாமா என் பொறுப்பு. நான் குறை வைக்கவில்லை. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிவிட்டேன். ஐந்து மாதம் படுக்கையில் கிடந்த உடம்பில் ஒரு புண் வரவிடவில்லை, அதை றினோஸாவே சொல்வாள். தாடியைக் கத்தரித்துவிட்டேன். தண்ணீர் கேட்டு நான் கொடுக்காமல் விட்டதில்லை. அவரால் கேட்க முடியாது என்பது வேறு விஷயம்.

காலையில் ஒன்பது மணிக்கு உள்ளே போய், சுவிச்சில் கை வைத்துக்கொண்டு கேட்பேன்.

"போடட்டா மாமா?"

"ஓம்."

ஒரு நாள்கூடக் கேட்காமல் போட்டதில்லை. இல்லை, ஒரு நாள் கேட்கவில்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மூன்று மணிக்கு நிறுத்துவேன். கதவைத் திறந்து வைத்து, ஈரத்துணியால் தரையைத் துடைத்து, பேனைப் போட்டுவிடுவேன். றினோஸா வரும்போது அந்த அறை மற்ற அறைகளைப் போலத்தான் இருக்கும். சனி, ஞாயிறு அவள் வீட்டில் நிற்பாள், அந்த நாட்களில் போடமாட்டேன். மெஷினுக்கும் ஓய்வு வேண்டும்.

தொடக்கத்தில் கணக்கு எனக்குச் சரிவரவில்லை. அளவுக்குப் பெரிய சில்லர் நாலு நிமிடத்தில் தண்ணீரைக் குளிரவைத்துவிட்டு நின்றுவிடும். பிறகு அரை மணித்தியாலம் சும்மா கிடக்கும். தண்ணீரின் சூடு ஏறும், மறுபடி இறங்கும். அறை இரண்டு மூன்று பாகைதான் கூடியது. பெரியதை வாங்கினால் கூடுதலாக வேலை செய்யும் என்று வாடிக்கையாளர்கள் நினைப்பார்கள், நான் அவர்களைத் திருத்துவேன். கடைசியில் நானே அந்தப் பிழையை விட்டேன். பெப்ரவரியில் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தேன்.

பங்குனியில் நோன்பு வந்தது. இந்த வருட வெயில் உங்களுக்கும் தெரியும், வானொலியில் வெளியே போகாதீர்கள் என்றே சொன்னார்கள். மாமா மெலிந்துகொண்டு போனார். உதடு வெடித்தது. டொக்டர் வந்து பார்த்துவிட்டு, வயசாளிகளுக்கு இந்த வெக்கை கூடாது, ஜீவனி கரைச்சிக் குடுங்க என்றார். உப்பும் சீனியும் கலந்த அந்தத் தூளை நான்தான் போய் வாங்கிவந்தேன். றினோஸா இருக்கும்போது கரைத்துக் கொடுத்தோம்.

நோன்பு பதினைந்தோ பதினாறோ இருக்கும், றினோஸாவின் தங்கை பஸ்மினா கஞ்சி கொண்டுவந்தாள். அடுத்த தெருவில்தான் அவளுக்குக் கொடுத்த வீடு. வாப்பாவைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவள் அப்படியே நின்றாள்.

"ராத்தா, வாப்பா உருகிப் போனாரு. எண்ட ஊட்டுக்குக் கொண்டு போறன். முன்ரூமு நல்ல காத்தோட்டமா இரிக்கி."

றினோஸா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்க என்ன சொல்ற?"

பத்தொன்பது வருடத்தில் அந்த வீட்டு விஷயம் ஒன்றில் அவள் என் சொல்லைக் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு அது சந்தோஷமாக இருந்தது. வெட்கப்படாமல் சொல்கிறேன்.

"ஊர் என்ன கதைக்கும்? படுக்கையில கிடந்த மனிசன மருமகன் வெரட்டிட்டாரு எண்டு சொல்லமாட்டாங்களா?" என்றேன்.

பஸ்மினா விடவில்லை. உள்ளே போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் குந்தினாள். "வாப்பா, எங்கட ஊட்ட வாறீங்களா?"

"ஓம்."

றினோஸா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இல்லாட்டி இங்கயே எங்களோட இரிக்கிறீங்களா வாப்பா?" என்றாள்.

"ஓம்."

இரண்டு பேரும் அழுதார்கள். மாமாவின் இடது கை மெல்ல மெல்ல எழும்பி வந்தது. பஸ்மினாவின் முக்காட்டு நுனியைப் பிடித்துக்கொண்டது. கெட்டியான பிடி, அந்தக் கையில் அவ்வளவு பலம் மிச்சம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. நோன்பு திறக்கும் நேரம் நெருங்கிவிட்டது, அவளுக்கும் வீட்டில் வேலை கிடக்கும். நான் குனிந்து விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்துவிட்டேன். மாமா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நீங்கள் பேனையை நிறுத்திவிட்டீர்கள். கேட்கப்போவது தெரியும். எனக்கு அறைதான் வேண்டும் என்றால், அன்றைக்கே அவரை அனுப்பியிருக்கலாமே. நியாயமான கேள்வி. நானும் அதை யோசித்தேன். அனுப்பினால் ஒரு மாதத்தில் திரும்பி வந்திருப்பார். நோயாளியானவர் பிள்ளைகள் வீட்டில் முறைவைத்துத்தான் இருப்பார். மற்றது, அந்த ஊரில் என்னிடம் இருந்தது நல்ல மருமகன் என்ற பெயர் ஒன்றுதான். வீடும் இல்லை, பிள்ளையும் இல்லை, அந்தப் பெயரையும் விட்டுவிட்டு நான் எங்கே போவது. எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

பெருநாள் முடிந்து இரண்டாவது திங்கள் அவர் மௌத்தானார். நான்தான் றினோஸாவுக்குப் போன் செய்தேன். அவள் பெருநாளுக்குப் பிறகு பிடிக்கிற ஆறு நோன்பில் இருந்தாள், வாசலிலேயே விழுந்துவிட்டாள், தூக்கிவந்து முகத்தில் தண்ணீர் தெளித்தேன். மையத்தைக் குளிப்பாட்ட வந்த இப்றாஹிம் லெப்பை கையை வைத்தவர் எடுத்துவிட்டார். "ஒடம்பு இன்னம் கொதிக்கிதே" என்றார். வெயில் காலம்தானே என்று யாரோ சொன்னார்கள். ஓம் என்று நானும் சொன்னேன். மையத்தை வைத்த சந்தூக்கின் முன்காலைப் பிடித்துக்கொண்டு மையவாடிவரை தோள் மாற்றாமல் போனேன்.

நாற்பதாம் நாள் கத்தம் ஓத வருகிறவர்களை உட்காரவைக்க வேண்டும் என்று றினோஸா இன்று காலை ஹோலைத் துப்புரவாக்கினாள். தொட்டியை நகர்த்துவதற்கு முன்னால் இறாலை ஒரு வாளிக்கு மாற்றிவிடலாம் என்று வலையைப் போட்டிருக்கிறாள். நான் கடையில் இருந்தேன். வந்து என் முன்னால் நின்றாள். கையில் ஈர வலை.

"இறால் எங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். களைத்துப் போயிருந்தேன்.

"அது பெப்ரவரியிலயே செத்துட்டு" என்றேன்.

சில்லர் நின்று நின்று வேலை செய்தால் தண்ணீரின் சூடு ஏறி இறங்கும் என்று சொன்னேன் அல்லவா. அதை அந்த இறால் தாங்காது. ஒரே கிழமையில் எல்லாம் முடிந்தது. அள்ளிக் கோழிக்குப் போட்டேன், கோழிகள் நன்றாகத் தின்றன.

றினோஸா விரலை மடக்கிப் பார்த்தாள். மார்ச். ஏப்ரல். பிறகு தொட்டிக்குப் போய், பின்பக்கப் பாசிக்கல்லை விலக்கினாள். கல்லுக்குப் பின்னால் இரண்டு ஹீட்டர், ஒவ்வொன்றும் முந்நூறு வாட்ஸ். குளிர்நாட்டில் தொட்டித் தண்ணீரைச் சூடாக்குவதற்கு வைக்கிற சாமான். சாய்ந்தமருதில் ஒருவருக்கும் அது தேவைப்படாது. நான் கண்டுபிடித்த வழி அதுதான், சேர். ஹீட்டர் தண்ணீரைச் சூடாக்கிக்கொண்டே இருக்கும், சில்லர் அதை அள்ளி அள்ளி அந்த அறைக்குள் கொட்டிக்கொண்டே இருக்கும். அதற்குப் பிறகு சில்லர் ஒரு நிமிடம் நிற்கவில்லை. ஒன்பது மணியிலிருந்து மூன்று மணிவரை வெறும் தண்ணீரில் ஓடியது.

அவள் அங்கேயும் நிற்கவில்லை. கடை மேசை லாச்சியைத் திறந்து தாள்களை எடுத்தாள். ஒன்று தொட்டிக்கு நிரப்பியது. மற்றதும் என் கையெழுத்துத்தான். நீளம் ஒன்பதடி, அகலம் எட்டடி. இப்போதைய வெப்பநிலை முப்பத்துமூன்று. வேண்டிய வெப்பநிலை நாற்பத்திரண்டு. உள்ளே சூடு கொடுக்கும் பொருட்கள் என்ற கட்டத்தில், ஓர் ஆள், படுத்தபடி, என்று எழுதியிருந்தேன். ஓர் ஆள் சும்மா கிடந்தாலும் எழுபது, எண்பது வாட்ஸ் சூடு விடுவான். கணக்கென்றால் எதையும் விட முடியாது.

தாளின் மேலே திகதி டிசம்பர் பதினொன்று. சில்லர் வாங்கியது பதினான்கு. ஹீட்டர் பிறகு வந்த யோசனை. இந்தத் திகதியைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

அவள் உள்ளே போய் என் உடுப்புகளை எடுத்து ஒரு சாக்கில் போட்டு, விறாந்தையில் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். அது அவளுடைய வீடு. எங்கள் வழக்கத்தில் அதற்குப் பிறகு ஆண் போய்விட வேண்டும். மருதமுனைக்குப் போகலாம் என்று பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். இரண்டு வீடு கட்டியிருக்கிறேன், எந்த வாசலில் சாக்கை இறக்குவது என்று தெரியவில்லை. பஸ்கள் வந்து வந்து போயின. பிறகு இங்கே நடந்து வந்தேன்.

இனி அந்தக் கடைசி நாள். றினோஸா வேலைக்குப் போய்விட்டாள். ஒன்பது மணிக்கு உள்ளே போனேன். அறை இன்னும் குளிர்ச்சியாகத்தான் இருந்தது, காலை நேரம். மாமா விழித்திருந்தார். நான் குனிந்து சுவிச்சில் கை வைத்தேன். ஏதோ யோசனையில் கேட்க மறந்துவிட்டேன். அவர் என் கையைப் பார்த்தார். சில்லரைப் பார்த்தார். பிறகு என் முகத்தை நன்றாகப் பார்த்தார். நான் வாயே திறக்கவில்லை.

"ஓம்" என்றார்.

வாய் தானாகச் சொல்லியிருக்கும் என்று டொக்டர் சொல்லக்கூடும். அவர் வட்டவிதானை, சேர். எந்த வயலுக்குத் திறந்து விடுகிறேன் என்று முதல் நாளே அவருக்குத் தெரியும். நான் போட்டேன். அன்றைக்கு மூன்று மணிக்கு நிறுத்த வேண்டியிருக்கவில்லை, ஒன்றரைக்கே முடிந்துவிட்டது. நிறுத்தி, கதவைத் திறந்து, தரையைத் துடைத்து, பேனைப் போட்டுவிட்டுத்தான் றினோஸாவுக்குப் போன் செய்தேன்.

அதனால் கொலை என்ற சொல்லை எழுதுவதற்கு முன்னால் இதையும் எழுதிவிடுங்கள். பத்தொன்பது வருடத்தில் அந்த வீட்டில் எல்லாரும் எல்லாவற்றையும் என்னைக் கேட்காமலே செய்தார்கள். நான் ஒருவன்தான் ஒவ்வொரு நாளும் கேட்டு, சம்மதம் வாங்கிச் செய்தேன்.